மீனுக்கு முன்னால் பாக்டீரியா

எங்கள் பக்கத்தில் வண்ண மீன் தொட்டி கட்டுவது இப்போது வேகமாகப் பரவுகிறது. தோட்டத்துக்கு உபவருமானம், நல்லதுதான். நானே வைத்திருக்கிறேன். ஆனால் தொட்டி அமைத்துத் தருகிறவர்கள் சொல்லும் ஒரு பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை: "இன்னைக்குத் தண்ணி விடுங்க சார், நாளைக்கே மீன் விட்டுடலாம்."

முதலில் என் கதை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மோட்டார் ரூமை ஒட்டி 10,000 லிட்டர் சிமென்ட் தொட்டி கட்டி, கொய் கெண்டை விட்டேன். பக்கத்தில் ஜல்லி நிரப்பிய வடிகட்டித் தொட்டி. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் ஜல்லியில் பழுப்பு நிறத்தில் வழவழவென்று படிந்திருந்ததைப் பார்த்தேன். எல்லாவற்றையும் வெளியே அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். நாலாம் நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. காத்து பத்தலைன்னு நினைச்சு இன்னொரு ஏர் பம்பு வாங்கிப் போட்டேன். அப்படியும் ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

நான் கழுவிக் கொட்டியது அழுக்கு இல்லை, வேலைக்காரர்களை. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சின தீவனம் அழுகினாலும் அதேதான். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் மீனுக்கு விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அதை மீன் ஓரளவு தாங்கும், வாழையும் கீரையும் விரும்பி எடுத்துக்கொள்ளும். நம்ம வயல் மண்ணில் நடக்கிற அதே வேலை. மண்ணில் ரசாயனம் கூடாது என்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசுகிற நான், ஜல்லிக்கு பிளீச்சிங் போட்டேன் பாருங்கள்.

இந்த பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும். பழைய தொழில் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ தீவனத்திலிருந்து சுமார் 30 கிராம் அம்மோனியா நைட்ரஜன் வரும். அதில் ஒரு கிராமை நைட்ரேட் ஆக்க 4.57 கிராம் ஆக்சிஜன் தேவை. ஆக மொத்தம் 137 கிராம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து வைப்பதோ 7.5 மில்லிகிராம்தான், என் தொட்டி முழுவதும் சேர்த்தாலே 75 கிராம். இருப்பு 75, செலவு 137. மீன் விடும் மூச்சு இதில் சேரவில்லை. வரவு நிற்காமல் வந்தால்தான் ஓடுகிற கணக்கு இது.

அதனால் ஜல்லியைத் தொட்டிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டேன். துளை போட்ட குழாய் வழியாகத் தண்ணீர் ஜல்லி மேல் சிதறி, வழிந்து தொட்டிக்குள் விழுகிறது. வடிகட்டலும் ஆச்சு, காற்றும் ஏறியாச்சு. அடைத்துக்கொண்டால் கொஞ்சம் ஜல்லியை மட்டும் எடுத்து, அதே தொட்டித் தண்ணீரில் அலசுகிறேன். தண்ணீர் புளித்துப் போகாமல் இருக்க ஒரு வலைப் பையில் கிளிஞ்சலும் போட்டிருக்கிறேன்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். விற்கிறவர்களின் திட்ட அறிக்கையில் அந்த ஆறு வாரத்தைக் காணோம். கரண்ட் போனால் காற்று தர பேட்டரியும் காணோம். தவணை மட்டும் முதல் மாதமே தொடங்குகிறது. கடன் மேசையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவன் சொல்கிறேன், அந்த இரண்டும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போன வாரம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் புதுத் தொட்டிக்கு யோசனை கேட்டு வந்தார். என் தொட்டியிலிருந்து ஈர ஜல்லி இரண்டு கூடை கொடுத்து, தினம் ஒரு சிட்டிகை தீவனம் மட்டும் போடுங்க, மாசக் கடைசி வரைக்கும் மீன் வாங்காதீங்க என்றேன். தம்பி பொறுமையாகத்தான் இருக்கிறார். அவர் வீட்டம்மாதான் தினமும் போன் போடுகிறார்: "வெறுந் தண்ணிக்கு ஏண்ணே தீவனம் போடறோம்?"