பறவைப் பேச்சு வெட்டிப் பேச்சா?

"குருவியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்களாம். அதைக் கேட்க ஒரு கூட்டமாம். வேறு வேலை இல்லையா?"

பறவைகளைப் பற்றிய சொற்பொழிவு என்றதும் பலர் இப்படிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இது சிரிக்க வேண்டிய காரியம் அல்ல. ஆடு மாடு வைத்திருப்பவர்கள், நிலம் வைத்திருப்பவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு உண்டு.

காவிரிக் கரைக் காடு

தர்மபுரி மாவட்டம் 1965-ம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் இருந்து பிரிந்தது. மேற்கே ஒகேனக்கல் காடு. கிழக்கே சித்தேரி மலை. நடுவே கேழ்வரகும் சாமையும் விளையும் மானாவாரி நிலம். காவிரிக் கரைக் காட்டில் யானை உண்டு. நீர்நாய் உண்டு. முதலை உண்டு. ஆற்றில் மீன் பிடித்துத் தின்னும் கழுகும் உண்டு.

2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காடு, "காவிரி தெற்கு வன உயிரின சரணாலயம்" ஆயிற்று.

நல்ல காரியம். ஆனால் அரசு போட்ட எல்லைக்கோடு பறவைக்குத் தெரியாது. காலையில் காட்டில் இருக்கும். மாலையில் வயலுக்கு வரும். வயலில் அதற்கு என்ன நேருகிறது? அதைப் பார்த்துச் சொல்ல ஊரில் ஆள் வேண்டும்.

பாறு செத்த கதை

ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பாறுக் கழுகின் கதையைப் பாருங்கள். செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தம் செய்த பறவை அது.

1990-களில் பாறுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 100க்கு 99 என்ற கணக்கில் அழிந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 2004-ம் ஆண்டுதான் உண்மை வெளிவந்தது. மாட்டுக்கு வலி தீரப் போட்ட "டைக்ளோபினாக்" மருந்துதான் எமன்! மருந்து போட்ட மாடு செத்தது. அதைத் தின்ற பாறும் சிறுநீரகம் கெட்டுச் செத்தது. 2006-ம் ஆண்டு இந்திய அரசு மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதற்குள் கழுகுக் கூட்டம் போய்விட்டது. அது தின்ற இறைச்சியைத் தெருநாய்கள் தின்றன.

மாட்டு வைத்தியம் எங்கே? கழுகு எங்கே? இரண்டுக்கும் உள்ள தொடர்பை யாராவது விவசாயியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். பறவைச் சொற்பொழிவின் வேலை அதுதான்.

எட்டுப் பேர் கூடினர்

இது புதுப் பழக்கம் அல்ல. 1883-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி பம்பாயில் எட்டுப் பேர் ஒன்று கூடினர். அவர்களில் இந்திய டாக்டர்களும் இருந்தனர். மாதம் ஒரு முறை கூடுவோம், பார்த்ததைப் பேசுவோம் என்று தீர்மானித்தனர். அப்படித்தான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பிறந்தது.

ஒரு நாள் அங்கே ஒரு சிறுவன் வந்தான். தான் சுட்ட குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கிறதே, இது என்ன குருவி என்று கேட்டான். செயலாளர் மில்லார்டு அவனை விரட்டவில்லை. பாடம் செய்து வைத்த பறவைகளை எல்லாம் காட்டி விளக்கினார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகம் அறிந்த பறவை நிபுணர் சாலிம் அலி! அவரும் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1941-ல் இருந்து 1985 வரை பலமுறை ரேடியோவில் பறவைகளைப் பற்றிப் பேசினார்.

சென்னையிலும் 1978-ம் ஆண்டு இயற்கை ஆர்வலர் சங்கம் தோன்றியது.

எண்ணியவர் யார்?

2023-ம் ஆண்டு இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. நீண்ட கால நிலவரம் தெரிந்த 338 வகைப் பறவைகளில், 100க்கு 60 வகை குறைந்துவிட்டன என்றது. நம் பனங்காடையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மயிலோ பெருகிவிட்டது. (இதைச் சொல்ல அறிக்கை எதற்கு? விவசாயியே சொல்வார்!)

இந்தக் கணக்கை எடுத்தவர்கள் விஞ்ஞானிகள் மட்டும் அல்ல. ஆசிரியர், மாணவர், குமாஸ்தா, குடும்பப் பெண் என்று 30 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்து எழுதிய குறிப்புகள் அவை. மொத்தம் 3 கோடி.

இதில்தான் விஷயம் இருக்கிறது. எண்ணுகிற ஆள் உள்ள ஊரின் பறவை கணக்கில் வரும். ஆள் இல்லாத ஊரின் பறவை செத்தாலும் தெரியாது. அந்த ஆளை உண்டாக்குவது எது? ஒரு நல்ல பேச்சு!

வீட்டுக்கும் வயலுக்கும் லாபம்

கூகை அலறினால் சாவு வரும் என்று கல்லெறிகிறார்கள். கூகை ஓர் இரவில் இரண்டு மூன்று எலிகளைத் தின்னக்கூடியது. அதைக் கொன்றால் எலிக்குத்தான் கொண்டாட்டம். வயலில் குச்சி நட்டு, குறுக்கே ஒரு கம்பு கட்டினால் கரிச்சான் வந்து உட்காரும். புழுவையும் பூச்சியையும் பிடிக்கும். கூலி கேட்காது.

கிளியைக் கூண்டில் வைத்து வளர்க்கிறார்கள். நம் நாட்டுக் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். இது தெரியாத வீடுகள் எத்தனை!

எப்படி நடத்துவது?

பெரிய மண்டபம் வேண்டாம். பள்ளிக்கூடத் திண்ணை போதும். நூலகம் போதும். படம் காட்ட ஒரு வெள்ளை வேட்டி போதும். ஆனால் பேச்சு தமிழில் இருக்க வேண்டும். செம்போத்து, ஆள்காட்டி, தூக்கணாங்குருவி என்று ஊரார் சொல்லும் பெயரைச் சொல்ல வேண்டும். பேச வந்தவரும் கேட்க வேண்டும். பென்னாகரத்தில் ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்தது புத்தகத்தில் இல்லாமல் இருக்கலாம். ஒன்று மட்டும் கூடாது: கூடு இருக்கும் இடத்தைக் கூட்டத்தில் சொல்லக்கூடாது. சொன்னால் மறுநாள் முட்டை இருக்காது.

2015-ல் இருந்து பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பரீட்சை கிடையாது. பணம் கிடையாது. ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும். பிள்ளைகளோடு போய் நில்லுங்கள்.

பாறு போனபோது எண்ண ஆள் போதவில்லை. பனங்காடை இன்னும் இருக்கிறது. அதை எண்ண ஆள் வேண்டும்.