மாடு யாருக்கு? பாடு யாருக்கு?

வீட்டுப் பெரியவர் இறந்து, முப்பதாம் நாள் திருப்பலியும் முடிந்து, உறவினர் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு, போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. நிலத்தை என்ன செய்வது என்பதல்ல அந்தக் கேள்வி. நிலம் காத்திருக்கும். பத்திரமும் பட்டாவும் காத்திருக்கும். மாடு காத்திருக்காது. விடிந்தால் பால் கறந்தாக வேண்டும், தீவனம் வைத்தாக வேண்டும், தண்ணீர் காட்டியாக வேண்டும். எனவே, "அப்பா வளர்த்த மாடுகளை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?" என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறோமா? மூத்த மகன் சென்னையில் இருப்பார். 2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்தே சென்னைக்கு ரயில் ஓடுகிறது. வந்து போவது எளிதாகிவிட்டது. இளைய மகன் தினமும் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவார். மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருப்பார். அண்ணன் தம்பிகளும் மாமன் மைத்துனர்களும் திண்ணையில் அமர்ந்து பேசி முடிவெடுப்பார்கள். அந்த நேரத்தில் தாயோ மருமகளோ, தான் கறந்த பாலில் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். மாட்டோடு மல்லுக்கட்டுகிறவர் ஒருவர். மாட்டைப் பற்றி முடிவெடுக்கிறவர்கள் வேறு சிலர். இந்த வாரம் நாம் சிந்திக்க விரும்புவது இதைத்தான்.

முதலில் நாட்டு நடப்பைப் பார்ப்போம். ஆவின் நிறுவனம் பசும்பாலுக்குக் கொடுத்த கொள்முதல் விலை 2019 ஆகஸ்டில் லிட்டருக்கு 32 ரூபாய். 2022 நவம்பரில் அது 35 ரூபாயாயிற்று. இடையில், 2021 மே மாதம், நகரங்களில் பால் வாங்குவோருக்கு லிட்டருக்கு 3 ரூபாய் விலை குறைக்கப்பட்டது. வாங்குகிறவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கறக்கிறவர் அடுத்த 3 ரூபாய் உயர்வுக்கு ஒன்றரை ஆண்டு காத்திருந்தார். 2023 மார்ச் 17 அன்று பால் உற்பத்தியாளர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பசும்பாலுக்கு 42 ரூபாயும் எருமைப்பாலுக்கு 51 ரூபாயும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்த ஆண்டு டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. பசும்பால் 38, எருமைப்பால் 47 என்றாயிற்று. நான்கு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் பசும்பாலுக்குக் கூடியது 6 ரூபாய். அதே காலத்தில் தவிடும் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் எவ்வளவு ஏறின என்பதை, மாடு வளர்ப்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறிவித்த விலை அப்படியே கைக்கு வருவதும் இல்லை. சொசைட்டியில் பாலின் கொழுப்புச்சத்தையும், கொழுப்பு நீங்கலான மற்றச் சத்தையும் அளந்துதான் விலை போடுகிறார்கள். பசுந்தீவனம் குறைகிற கோடையில் பாலும் குறையும், சத்தும் குறையும். மடிநோய் வந்தால் பாலைக் கீழேதான் கொட்ட வேண்டும். கோமாரியோ தோல் கழலை நோயோ வந்துவிட்டால் மருந்துச் செலவு தனி.

இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கலப்பின மாடு நாளுக்கு 8 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 38 ரூபாய் என்றால் நாளுக்கு 304 ரூபாய். ஆண்டில் 300 நாள் கறந்தால் 91,200 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. இதில் தீவனத்தைக் கழிக்க வேண்டும். சினை ஊசி, மருந்து, கடன் வட்டி ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். மாடு வற்றி நிற்கும் காலத்திலும் அதற்குத் தீவனம் வேண்டும். இவற்றையெல்லாம் கழித்து எழுதுகிற பலர்கூட ஒன்றை எழுதுவதில்லை. அது வீட்டுப் பெண்ணின் உழைப்பு. சாணம் அள்ளுவது, புல் அறுப்பது, கறப்பது, சொசைட்டிக்குத் தூக்கிச் செல்வது என்று நாளுக்கு 4 மணி நேரம் என்றே வைப்போம். ஆண்டுக்கு 1,460 மணி நேரம். 8 மணி நேரத்தை ஒரு வேலைநாளாகக் கொண்டால், ஏறத்தாழ 182 நாள் கூலி. ஞாயிற்றுக்கிழமை விடுப்பு கிடையாது. காய்ச்சல் வந்தாலும் விடுப்பு கிடையாது. "மாட்டில் நட்டம் இல்லை" என்று திண்ணையில் சொல்கிறவர், இந்த 182 நாளைச் சேர்த்துத்தான் சொல்கிறாரா?

அப்படியானால் விற்றுவிடுவதே நல்லது என்று அவசரப்படவும் வேண்டாம். நம் மலைச்சரிவில் மாட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. ஏலக்காயின் விலை நிலையில்லாதது. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-இல் அதே ஏலக்காய் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. ஏலத்தை நம்பி வீடு கட்டியவரும் உண்டு, வீட்டை அடகு வைத்தவரும் உண்டு. பாலில் அப்படிப்பட்ட ஏற்றமும் இல்லை, அப்படிப்பட்ட வீழ்ச்சியும் இல்லை. சிறிய தொகைதான் என்றாலும் மாதந்தோறும் வருகிற தொகை. பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடன் அடைப்பதும் பல வீடுகளில் பால் பணத்தில்தான். தோட்டத்தில் வேலை இல்லாத மாதத்தில் அடுப்பு எரிவதும் அதில்தான். தொழுவத்து எரு நம் நிலத்துக்கும் ஆகிறது, மேலே தோட்டங்களுக்கும் விலைக்குப் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பால் பணம் பெண்ணின் கையில் வந்து சேரும் வீடுகளில் மாடு அவருக்கு ஒரு துணை. அதை அவரைக் கேளாமல் விற்பது, அவர் கையிலிருக்கும் ஒரே வருமானத்தைப் பிடுங்குவதாகும்.

தொழுவத்து மாட்டின் கதை இப்படி என்றால், மலை மாடு வைத்திருப்பவர்களின் கதை வேறு. தேனி மாவட்டத்தின் மலை மாடுகள் காட்டில் மேய்ந்து, வயலில் கிடை போடப்பட்டு, எருவுக்காகவே வளர்க்கப்படுபவை. இவற்றைத் தந்தையிடமிருந்து பெறும் மகன், மேய்ச்சல் காட்டையும் சேர்த்துப் பெற்றால்தான் தொழில் நடக்கும். ஆனால் 2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் எல்லா வனப்பகுதிகளிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாள்களிலேயே, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என அதைத் திருத்தியது. 2025 ஆகஸ்ட் 3 அன்று போடி அருகே முந்தல் பகுதியில், நாம் தமிழர் கட்சியின் சீமான் மலை மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிச் சென்று போராட்டம் நடத்தியதையும், வனத்துறையினர் தடுத்ததையும் செய்திகளில் பார்த்தோம். காட்டைக் காப்பதும் தேவை. காட்டை நம்பிப் பிழைப்பவரைக் காப்பதும் தேவை. இரண்டுக்கும் இடையே வழி காண்பது அரசின் கடமை. வழி காணாமல் விட்டுவிட்டால், மாட்டை விற்பது அந்தக் குடும்பத்தின் முடிவாக இருக்காது. பிறர் எடுத்த முடிவுக்கு அவர்கள் கையொப்பம் இடுவதாகவே இருக்கும். 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில், முந்தைய 2012 கணக்கெடுப்பை விட நாட்டு மாடுகள் நாடெங்கும் 6 சதவீதம் குறைந்திருந்தன. 2017-இல் ஏறுதழுவலுக்காகக் கடற்கரையில் கூடிய நாம், நாட்டு மாட்டை வளர்ப்பவர் எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்டோமா?

பால் தொழில் நலிந்தவர்களின் கையில் நிலைத்ததற்கு ஒரு வரலாறும் உண்டு. 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்து விவசாயிகள், தங்கள் பாலுக்குத் தாங்களே விலை கேட்க வேண்டும் என்று கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி அந்த வழியை நாடெங்கும் கொண்டுசென்றது. நம் மாநிலத்தில் 1981-இல் கூட்டுறவு இணையம் உருவாயிற்று, அதுதான் ஆவின். 1998 முதல் உலகில் அதிகப் பால் தரும் நாடு இந்தியா. பெரும் பண்ணைகளால் கிடைத்த பெயரல்ல இது. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருந்த வீடுகள் சேர்ந்து ஈட்டியது. சங்கம் நேர்மையாக நடந்து, பணம் நாள் தவறாமல் வந்தால், இரண்டு மாடும் ஒரு குடும்பத்தைத் தாங்கும். அளவையில் ஏமாற்றும் பண பாக்கியும் நுழைந்தால், பத்து மாடும் தாங்காது. எனவே மாட்டை வைத்துக்கொள்ள முடிவு செய்பவர், சங்கத்தின் கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்கவும் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து, வாரிசுரிமை. இதில் நம் மக்களிடையே அறியாமை மிகுதி. கிறிஸ்தவர்களான நமக்குப் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். கணவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம். மீதி இரண்டு பாகம் பிள்ளைகளுக்கு. அதில் மகன் என்றும் மகள் என்றும் வேறுபாடு இல்லை, எல்லாருக்கும் சமம். பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் மகளுக்கு மிகக் குறைவாகக் கொடுத்த சட்டம் செல்லாது என்று, மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்துக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் இதே கணக்குதான். ஆக, காபி வைத்துவிட்டு உள்ளே போன அந்தத் தாய், சட்டப்படி மூன்றில் ஒரு பாகத்துக்கு உரியவர். மகள்களுக்கும் பங்குண்டு. மருமகளுக்கு மட்டும் சட்டத்தில் பாகம் இல்லை. ஆனால் பல வீடுகளில் மிகுதியாகப் பாடுபடுகிறவர் அவர்தான். சட்டம் காணாத இடத்தை மனச்சான்று காண வேண்டும்.

இங்கே விவிலியத்திலிருந்து இரண்டு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வருகின்றன. நாபோத்து தன் மூதாதையரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கு விற்க மறுத்தார் (1 அரசர் 21). இதைச் சொல்லி, "முன்னோர் சொத்தை விற்காதே" என்று பிள்ளைகளை அதட்டுகிறவர்கள் உண்டு. நாபோத்து எதிர்த்து நின்றது தன்னைவிட வலியவனை. தன் வீட்டில் தன்னைவிட எளியவரைத் தொழுவத்தில் கட்டிப்போட அவர் பெயரைச் சொல்வது நியாயமா? மற்றொன்று, சொத்தைப் பிரித்துத் தரச் சொல்லும்படி இயேசுவிடம் ஒருவர் கேட்டது (லூக்கா 12). இயேசு பாகம் பிரிக்கவில்லை. பேராசை குறித்து எச்சரித்தார். அந்த எச்சரிக்கை விற்பவருக்கும் பொருந்தும், விற்காதவருக்கும் பொருந்தும். அடுத்தவர் உழைப்பில் தன் தந்தையின் பெயரைக் காப்பாற்ற நினைப்பதும் ஒருவகைப் பேராசைதான்.

குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த திருத்தந்தை 23-ஆம் யோவான், 1961-இல் வெளியிட்ட 'மாத்தர் எத் மஜிஸ்த்ரா' என்ற சுற்றுமடலில் வேளாண்மைக்கென ஒரு பெரும் பகுதியை ஒதுக்கினார். விவசாயிக்குக் கடன் வசதி, காப்பீடு, நியாய விலை ஆகியவை வேண்டும். விவசாயிகள் கூட்டுறவில் இணைய வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். தலைமுறை மாறும்போது தொழில் நிற்கும் துயரம் செல்வ நாடுகளிலும் உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் பண்ணை நடத்துவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் 55 வயதை எட்டியவர்கள். 40 வயதுக்குக் கீழானவர்கள் ஏறத்தாழ 12 சதவீதம் மட்டுமே. உழைப்புக்கு மதிப்பில்லாத தொழிலில் பிள்ளைகள் நிற்பதில்லை. இது போடிக்கும் பொருந்தும், பாரிசுக்கும் பொருந்தும்.

அன்பர்களே, இந்த நிலையில் இருக்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது சில. முதலாவது, துக்கத்தின் சூட்டில் முடிவெடுக்க வேண்டாம். ஒரு கறவைக் காலம் முழுவதும் வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். அதில் வீட்டார் உழைப்புக்கும் கூலி போடுங்கள். இரண்டாவது, விற்பது, வைத்திருப்பது என்ற இரண்டே வழிகள் இருப்பதாக எண்ண வேண்டாம். நான்கு மாட்டை இரண்டாகக் குறைக்கலாம். அரை ஏக்கரில் தீவனப் புல் போட்டுச் செலவைக் குறைக்கலாம். மூன்றாவது, மாடு தொடர்வதானால் சங்கத்து உறுப்பினர் பெயரும் வங்கிக் கணக்கும் பாடுபடுகிறவர் பெயருக்கு மாறட்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் பாகத்தைக் கேட்டால், தங்கள் பாகத்துச் செலவையும் அனுப்பட்டும். நான்காவது, விற்பதானால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தந்தையின் மாட்டை விற்றவர் தந்தையை விற்றவர் ஆகிவிட மாட்டார். ஆனால் அந்தப் பணத்தில் தாயின் மூன்றில் ஒரு பாகம் முதலில் எண்ணி வைக்கப்படட்டும்.

நம் அன்பியக் கூட்டங்களிலும் இதைப் பற்றிப் பேசலாம். இறந்தவரின் ஆன்மா இளைப்பாற்றிக்காக மன்றாடும் நாம், அவர் விட்டுச்சென்ற வேலையை யார் தோளில் ஏற்றுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அடுத்த முறை திண்ணையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்போது, யாராவது ஒருவர் எழுந்து உள்ளே போய், "நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அம்மா?" என்று கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலுக்காகக் காத்திருக்கட்டும்.