மதுரை டு கவுஹாத்தி: மலிவான விமான டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் ரிஸ்க் என்ன?

மதுரையிலிருந்து அசாமின் கவுஹாத்திக்கு நேரடி விமானம் கிடையாது. சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் மாறித்தான் போக வேண்டும். ரயிலில் இரண்டு நாள்களுக்கு மேல் ஆகும். அதனால் கவுஹாத்தி ஐ.ஐ.டி-யில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோர் முதல் வடகிழக்கில் பணியாற்றும் ராணுவ வீரர்கள் வரை பலரும் குறைந்த கட்டண விமானத்தைத் தேடுகிறார்கள்.

தேடினால் இரண்டு வகை டிக்கெட் வரும். ஒன்று, முழுப் பயணத்துக்கும் ஒரே பி.என்.ஆர். இன்னொன்று, இரண்டு விமானங்களைத் தனித்தனியாக வாங்கி ஒட்டவைப்பது. இரண்டாவது சில சமயம் மலிவாகத் தெரியும். சிக்கலே அங்குதான்.

லேட் ஆனால் யார் பொறுப்பு?

ஒரே பி.என்.ஆர் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் மாற்று விமானத்தில் அனுப்புவது நிறுவனத்தின் வேலை. பெட்டியும் பொதுவாக நேராக கவுஹாத்திக்கே போய்விடும்.

தனித்தனி டிக்கெட்டில் அப்படி இல்லை. சென்னையில் இறங்கி, பெட்டியை எடுத்து, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும். கவுன்ட்டர் பொதுவாக 60 நிமிடங்களுக்கு முன்பே மூடிவிடும். தவறினால் நீங்கள் ‘நோ-ஷோ’, அவ்வளவுதான். முதல் விமானம் ஏன் லேட் ஆனது என்று இரண்டாவது நிறுவனம் கேட்காது. சில புக்கிங் தளங்கள் இரண்டு டிக்கெட்டையும் ஒரே பயணம்போலக் காட்டும். ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று இருந்தால் உஷார்.

2025 டிசம்பர் தொடக்கத்தில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று தெரிந்தது. விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிய புதிய விதிகளுக்குத் தயாராகாத இண்டிகோ, ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம் அது. மற்ற நிறுவனங்களின் கட்டணம் எகிறியது. டிசம்பர் 6-ல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது: 1,500 கி.மீ-க்கு மேல் 18,000 ரூபாய், வரிகள் தனி. சென்னை - கவுஹாத்தி இந்தப் பிரிவில்தான் வரும். அந்த நேரத்தில் இரண்டாவது டிக்கெட்டைப் புதிதாக வாங்க வேண்டியிருந்தால், மிச்சம் பிடித்த ஓரிரு ஆயிரம் எந்த மூலைக்கு?

பறக்காத டிக்கெட்டுக்குப் பணம் வருமா?

முழுசாக வராது. ஆனால், ‘நான்-ரீஃபண்டபிள்’ டிக்கெட்டாக இருந்தாலும், நோ-ஷோ ஆனாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித்தர வேண்டும் என்கிறது டி.ஜி.சி.ஏ விதி. பலர் இதைக் கேட்பதே இல்லை.

நான்கு பேர் என்றால்?

ஒரே விமானத்தில் இருக்கைகள் பல விலைப் பிரிவுகளில் விற்கப்படுகின்றன. குறைந்த விலையில் இரண்டு சீட்தான் மிச்சம் என்றால், நான்கு பேருக்குத் தேடும்போது பெரும்பாலும் நால்வருக்கும் அடுத்த விலையே காட்டும். முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டு இரண்டாக புக் செய்யலாம். அப்போது பி.என்.ஆர் இரண்டாகிவிடும், விமானம் ரத்தானால் குடும்பம் வேறு வேறு விமானத்தில் போகும் வாய்ப்பும் உண்டு. சின்னக் குழந்தைகள் இருந்தால் அந்த மிச்சம் தேவையில்லை.

இறங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும். டிசம்பரில் கவுஹாத்தியில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அங்கிருந்து ஷில்லாங் போகிறவர்கள் சாயங்கால விமானத்தில் இறங்கினால் மலைப்பாதையை இருட்டில்தான் கடக்க வேண்டும், அல்லது கவுஹாத்தியில் ஓர் இரவுக்கு ரூம் போட வேண்டும். அந்த வாடகையையும் டிக்கெட் விலையோடு கூட்டிப் பார்த்தால், காலை விமானம் அவ்வளவு காஸ்ட்லியாகத் தெரியாது.