கையொப்பமும் கைவிலங்கும்

சென்ற மாதம் திருவொற்றியூர்த் தேரடிக்கு அருகே நண்பர் ஒருவர் இல்லத்துக்குப் போயிருந்தோம். வீட்டில் ஒருவர் முகத்திலும் களையில்லை. காரணம் மெதுவாகத்தான் வெளிவந்தது. கணித ஆசிரியையான அவர் புதல்வி, மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பணியாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறாள். பத்தாம் நாள் தாயாருக்குப் பக்கவாதம். இனிப் போவதற்கில்லை. ஏஜெண்டோ பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, "போகாவிட்டால் ஐந்து லட்சம் அபராதம்; தவறினால் சிறை" என்று உறுமுகிறாராம்.

காசிமேட்டில் ஒரு வஞ்சிரம் வாங்குவதற்குச் செவுளைத் தூக்கிப் பார்த்து அரைமணி நேரம் பேரம் பேசுகிற குடும்பம் அது. பதினான்கு பக்க ஒப்பந்தத்தை மட்டும் படிக்காமலே கையெழுத்திட்டு விட்டார்கள்! நாமும் அப்படித்தான் செய்திருப்போம் என்பதால் கோபித்துக்கொள்ளவில்லை.

சிறை என்ற சொல்தான் நம்மை உறுத்தியது. இதே சென்னைக் கரையிலிருந்து 1860 அக்டோபர் 12ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் புறப்பட்டது. ஒப்பந்தக் கூலியாகச் சென்றவர் அங்கே வேலையை விட்டு நீங்கினால் குற்றவாளி. உள்ளூரிலும் 1859ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது; முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வர மறுத்தால், மாஜிஸ்டிரேட்டு அவரை மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்கலாம். 1925இல் அதை நீக்கச் சட்டம் செய்தார்கள். சட்டம் போயிற்று, அதன் பூச்சாண்டி மட்டும் சில ஏஜெண்டுகளின் வாயில் இன்னும் குடியிருக்கிறது.

இன்று நம் நாட்டில் ஒருவரை வற்புறுத்திப் பாடம் நடத்த வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடுவதில்லை. நஷ்ட ஈடு கேட்கலாம், அவ்வளவே. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி, காகிதத்தில் ஐந்து லட்சம் என்றிருந்தால் அது உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான தொகைதான் கிடைக்கும். பாஸ்போர்ட்டோ 1967ஆம் வருஷத்துச் சட்டப்படி மத்திய அரசாங்கத்தின் சொத்து. ஏஜெண்டு பிடித்து வைக்கலாகாது. ஆனால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால், அதை வக்கீலிடம் காட்டியே தீரவேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபின் விலகுவது வேறு கதை.

இதைக் கேட்டதும் முகங்கள் மலர்ந்தன. "அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமே!" என்றார் நண்பர். அங்கேதான் அவரோடு நமக்குச் சண்டை வந்தது. பள்ளிக்கூடம் திறக்க மூன்றே வாரம். கடல் நடுவே சிறு தீவு. ஆசிரியை வரமாட்டாள் என்பது திறக்கிற அன்று தெரிந்தால், வேறொருவரை எங்கே போய்த் தேடுவார்கள்? அந்தப் பிள்ளைகள் யாரை மிரட்டினார்கள்?

அப்பெண் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவே தலைமையாசிரியருக்கு நேராகக் கடிதம் எழுதினாள். தாயாரின் நிலையைச் சொல்லி, வேலை தேடிக்கொண்டிருந்த எண்ணூர்த் தோழி ஒருத்தியின் பெயரையும் குறித்தாள். நான்காம் நாள் பதில் வந்தது: விமானச் சீட்டுக்குச் செலவான தொகையைத் திருப்பித் தந்தால் போதும், தோழியை உடனே விண்ணப்பிக்கச் சொல்லவும்.

ஏஜெண்டு இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கிறாராம். பாஸ்போர்ட்டு மட்டும் வீடு வந்து சேர்ந்துவிட்டது.