மருந்தும் பேணுதலும்

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கியபோது, நடுத்தர வயதுடைய சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “ஹஜ்ரத், நான் போட்டுக்கொள்ளும் இன்சுலின் பன்றியின் உறுப்பிலிருந்து எடுக்கப்படுவதாம். அது கூடுமா?” என்று வினவினார். மத்ரஸாவில் ஸனது பெற்று நான் வெளிவந்த புதிது. மருத்துவர் ஒருவரிடம் கேட்டறிய வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஐயத்திற்குரியதை விடுவதே பேணுதல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் விட்டுவிட்டார். சில நாட்களில் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தெழுந்தார். என்னை ஒருபோதும் குறை கூறியதுமில்லை. ஆயினும் அந்தப் பதில் இன்றளவும் என் நெஞ்சை உறுத்துகிறது. ரமலான் நெருங்குந்தோறும் அதே வினா வெவ்வேறு வடிவில் வருகின்றது. அன்று நான் கற்றிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறேன்.

வாசலில் நிற்கும் தூதுவர்

அமினோ அமிலம் எனும் சிறு மணிகள், தஸ்பீஹ் மணிகளைப் போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு அமைவதே பெப்டைட். கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அவ்வினத்தைச் சார்ந்தது. 21 மணிகள் கொண்ட ஒரு சரமும் 30 மணிகள் கொண்ட மற்றொரு சரமுமாக, அதில் 51 மணிகள் உள்ளன. அவற்றின் வரிசையைக் கண்டறிந்த ஆங்கிலேய அறிஞர் பிரெடரிக் சாங்கர் 1958-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

இன்சுலின் சர்க்கரையைச் சுமந்துகொண்டு உயிரணுவுக்குள் நுழைவதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பிறர் வீட்டுக்குச் செல்பவர் வாசலில் நின்று ஸலாம் கூறி அனுமதி கோருவதன்றோ நம் ஒழுக்கம்? இன்சுலினும் உயிரணுவின் மேற்புறத்திலுள்ள ஏற்பி என்னும் வாசலில் வந்து பொருந்துகிறது. உடனே ஏற்பியின் உட்பகுதி செயல்படத் தொடங்கிச் செய்தியை உள்ளே அனுப்புகிறது. அதன் பின்னரே, தசையிலும் கொழுப்பிலும் சர்க்கரை நுழைவதற்குரிய வேறு கதவுகள் மேற்புறத்துக்கு வருகின்றன. ஸலாம் கூறும் தூதுவரே இல்லாமற்போவது முதல் வகை நீரிழிவு. ஸலாம் ஒலித்தும் வீட்டாரின் செவி மந்தமாகிவிடுவது இரண்டாம் வகை. நாளடைவில் அதிலும் இன்சுலின் குறைந்துபோவதுண்டு. இச்சரத்தை வாயால் உட்கொண்டால் வயிறு அதனை உணவைப் போலவே செரித்துவிடும். ஆதலால்தான் ஊசி.

நிர்ப்பந்தமும் சலுகையும்

1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில், லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த சாறு செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் அந்நோயுற்ற பிள்ளைகள் எலும்புந் தோலுமாகி மடிந்தனர். அவனோ உயிர் பிழைத்தான். மருந்தைக் கண்ட பேண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் தங்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர்.

அதன்பின் சுமார் அறுபது ஆண்டுகள் மாடும் பன்றியுமே இம்மருந்துக்கு மூலமாயிருந்தன. பன்றியின் இன்சுலின் மனிதனுடையதிலிருந்து ஒரே ஒரு மணியிலும், மாட்டினுடையது மூன்று மணிகளிலும் மட்டுமே வேறுபடும். எனவே நம் ஏற்பிகள் அவற்றையும் ஏற்றன. தூய மாற்று மருந்து இல்லாத நிலையில், நம்பகமான மருத்துவர் இன்றியமையாததெனக் கூறினால் தடுக்கப்பட்ட பொருளையும் மருந்தாகக் கொள்ளலாம் என்பது ஃபிக்ஹ் நூல்களில் இடம்பெற்ற தீர்ப்பு. உயிர் காக்கும் நிர்ப்பந்தத்திற்கு அல்பகரா அத்தியாயமே இடமளித்திருக்கிறது. நூலை ஓதியிருந்தும் நோயாளியின் நிலையை அறியாமல் நான் பதில் சொன்னேன். அதுவே என் பிழை.

1982-இல் அமெரிக்காவில் மனித இன்சுலின் ஒப்புதல் பெற்றது. மனிதனுக்குரிய மரபுக் குறிப்பைப் பாக்டீரியாவில் புகுத்தி அது தயாரிக்கப்பட்டது. ஈஸ்ட்டைக் கொண்டும் தயாரிக்கின்றனர். இன்று பெரும்பாலும் வழங்கப்படுவன இவையும் இவற்றிலிருந்து சிறிது மாற்றியமைக்கப்பட்டவையுமே. ஆகவே பழைய ஐயத்தின் பெயரால் இன்றும் ஊசியை மறுப்போர், இல்லாத ஹராமுக்கு அஞ்சி, உள்ள உயிரைப் பணயம் வைக்கின்றனர்.

நோன்பு முறியுமா?

தோலுக்கடியில் போடப்படும், உணவாகாத ஊசியால் நோன்பு முறியாது என்று ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-இல் தீர்மானித்தது. நோன்புக்காக இன்சுலினை நிறுத்துவதற்கு ஆதாரம் ஏதுமில்லை. முதல் வகை நோயாளி அதனை அறவே நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். அதேபோல், வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ரமலானுக்குப் பல வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டு அளவையும் நேரத்தையும் அமைத்துக்கொள்ளுங்கள். நோற்கலாகாது என்று அவர் தடுத்தால், நோயாளிக்கு இறைவன் தந்த சலுகையை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள். குணமாகும் நோயாயின் களா உண்டு. தீரா நோயாயின் ஃபித்யா உண்டு. நடுவில் சர்க்கரை தாழ்ந்தால் உடனே நோன்பை விடுவது குற்றமன்று, கடமையாகும்.

புதிய ஊசிகள்

உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 எனும் பெப்டைட், தனக்குரிய ஏற்பிகளில் பொருந்தி இன்சுலின் சுரப்பைத் தூண்டும், பசியையும் அடக்கும். ஆனால் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். கிலா எனும் அமெரிக்க நச்சுப் பல்லியின் உமிழ்நீரில் அதனையொத்த, நீடித்து நிற்கும் பெப்டைட் ஒன்றை ஜான் எங் என்ற மருத்துவர் கண்டறிந்தார். அதன் வழியில் உருவான எக்ஸெனடைட் 2005-இல் ஒப்புதல் பெற்றது. பல்லியின் எச்சில் என்று முகம் சுளிக்க வேண்டா. அது ஆய்வகத்தில் கோக்கப்படுவது. வாரம் ஒருமுறை போடும் செமாக்ளுடைட் 2017-இல் வந்தது.

நோயாளிக்கு இவை அருட்கொடை. ஆனால் நோயேதுமின்றி, திருமண வைபவத்திற்கு மெலிய வேண்டுமென்று மருத்துவரைக் கேளாமல் இவற்றைப் போட்டுக்கொள்வோரும் நம் வீடுகளில் இல்லாமலில்லை. ஒருவர் உயிர் காக்கும் மருந்தை ஹராம் என்று தள்ளுகிறார். மற்றவர் அதே வகை மருந்தை அழகுக்காக அள்ளுகிறார். இருவருமே உடல் ஓர் அமானிதம் என்பதை மறந்தவர்கள்.

ஆலிமிடம் சட்டம் கேளுங்கள்; மருத்துவரிடம் உடலின் நிலையைக் கேளுங்கள். ஆலிம்களாகிய நாமும் தீர்ப்புச் சொல்வதற்கு முன் மருத்துவரைக் கேட்க வெட்கப்படலாகாது. கேட்காமல் சொன்னதன் விலையை நான் அறிவேன். வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நமக்குத் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.