பொருளைப் பிடிக்கும் வித்தையும் கணிப்பொறியும்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள சாந்திபுரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய இரு மாநில எல்லைகளுக்கும் அண்மையில் அமைந்தது. இவ்வட்டாரத்தினர் பலர் குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அந்நகரில் 1953-இல் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொழிற்சாலையும், 1962-இல் மத்திய இயந்திரக் கருவி நிலையமும் தோன்றிய பின்னர், உலோகத்தை வெட்டி உருவாக்கும் தொழில் நன்கு வேரூன்றிவிட்டது.

வெட்டும் வேலையைக் கணிப்பொறி ஏற்று நெடுநாளாயிற்று. ஆயினும் எப்பக்கத்தை முதலில் வெட்டுவது, எத்தனை முறை பொருளைத் திருப்பி வைப்பது, எங்கே தாங்கி எங்கே இறுக்குவது என்பவற்றைப் பெரும்பாலும் அனுபவமிக்க தொழிலாளியே முடிவு செய்கிறார். பட்டறையில் இதனைச் 'செட்டிங்' என்பர். பொருளைப் பிடிக்கும் சாதனம் 'பிக்ஸ்சர்' எனப்படும். இதையும் கணிப்பொறியிடம் ஒப்படைத்தபின் இவ்வித்தையைக் கற்பிக்க வேண்டுவதில்லை என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் அவசரமானது.

இதன் அடிப்படையை ஆசிரியர் ஒரு செங்கல்லைக் கொண்டே விளக்கலாம். எப்பொருளுக்கும் மூன்று திசை நகர்வும் மூன்று வகைச் சுழற்சியுமாக 6 இயக்கங்கள் உண்டு. அடியில் 3 புள்ளிகள், நீண்ட பக்கத்தில் 2, குறுகிய பக்கத்தில் 1 என நிறுத்தினால் ஆறும் அடங்கும். அடியில் நான்கு ஏன் கூடாது? மூன்று கல் அடுப்பில் பானை ஆடுவதில்லை. நான்காவது கல் வைத்தால்தான் தொல்லை. மேலும், பொருளைக் கழற்றி மறுபடி மாட்டும் ஒவ்வொரு முறையும் சிறு பிழை சேர்கிறது. ஆகவே தம்முள் நெருங்கிய துல்லியம் வேண்டும் துளைகளை ஒரே செட்டிங்கில் முடிக்க வேண்டும்.

இத்தகைய விதிகளைக் கணிப்பொறி திறம்படக் கையாளும். அமெரிக்க ஆராய்ச்சியாளர் பிராஸ்ட், கோல்ட்பெர்க் ஆகியோர் 1994-இல் வெளியிட்ட முறை, பல்கோண வடிவப் பொருளை மூன்று முளைகளும் ஓர் இறுக்கியும் கொண்டு பிடிக்கும் வழிகள் அனைத்தையும் தேடித் தருவது. நீ, வைப்ரூ, செந்தில்குமார் ஆகிய மூவர் எழுதிய பிக்ஸ்சர் வடிவமைப்பு நூல் 1995-இல் வெளிவந்தது.

ஆனால் மெல்லிய வளையம் ஒன்றை மூன்று தாடைச் சக்கில் இறுக்கிக் குடைந்து பார்த்தால் உண்மை விளங்கும். இயந்திரத்தில் இருக்கும்வரை துளை வட்டமாகவே இருக்கிறது. கழற்றியவுடன் வளையம் தன் பழைய நிலைக்கு விரிய, துளை மும்முனையாகக் கோணிவிடுகிறது. இறுக்கும் விசையைக் கணக்கிற் சேர்த்தால் இதனையும் ஓரளவு முன்னறியலாம். தாங்கும் புள்ளியின்மேல் ஒட்டிய ஒரு சுருள் உலோகத் துணுக்கையோ, வார்ப்புக்கு வார்ப்பு மாறும் மேடுபள்ளத்தையோ வரைபடத்தை மட்டும் நோக்கும் கணிப்பொறி அறியாது. அதனைத் துடைத்துப் பார்க்கும் பழக்கம் கைக்கே உரியது.

எனவே தொழிற்பயிற்சி நிலைய மாணவன் கணிப்பொறியின் திட்டத்தைக் காணுமுன் தன் திட்டத்தைக் காரணத்தோடு எழுதிவிட வேண்டும். பின்னரே இரண்டையும் ஒப்பிடலாம். இப்பயிற்சியின்றிச் செல்பவன் பொருளை வைத்துப் பொத்தானை அழுத்துபவனாகவே நின்றுவிடுவான். செட்டராக உயர வழியிராது. களப்பணியாளருக்கும் இதில் பங்குண்டு. முந்தைய பிக்ஸ்சர்களைப் பார்த்துப் புதியதை அமைக்கும் கணிப்பொறி முறைகளுக்குப் பதிவுகளே மூலதனம். சிறு பட்டறைகளிலோ பழைய பிக்ஸ்சர்கள் குறிப்பேதுமின்றி மூலையில் துருப்பிடிக்கின்றன. அவற்றின் படத்தையும் அளவையும், வேலை கெட்டிருந்தால் கெட்ட காரணத்தையும், அவற்றைச் செய்த முதிய தொழிலாளர் பணியிலிருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும்.