மேப்பிள் ஆசையும் கினிகத்தேனை மழையும்

கினிகத்தேனையிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஜப்பானில் தொழில் செய்யும் மகன் ஒரு படம் அனுப்பினாராம். சிவப்பு இலை மேப்பிள் மரங்கள் முன்னால், கரும்பச்சை ஊசியிலை மரங்கள் பின்னால், நடுவே கற்கள். "வீட்டுக்குப் பின்னால் 12 பேர்ச்சஸ் சரிவு நிலம் சும்மா கிடக்கிறது. மகன் லீவில் வரும்போது நாலு மேப்பிள் கன்று கொண்டு வருகிறேன் என்கிறார். எதை எங்கே நடுவது என்று சொல்லித் தாருங்கள்" என்பது அவரது கேள்வி.

முதலில் மகனுக்குச் சொல்லி விடுங்கள், கன்று வேண்டாம். அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுச் செடியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வருவது 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்கட்டும். வேரோடு ஒட்டிய மண்ணில் என்ன பூஞ்சணம், என்ன புழு வருகிறது என்று நமக்குத் தெரியாது. தேயிலையின் கொப்புள நோய் இந்நாட்டில் தலைகாட்டியது 1946ல். இன்றும் மழைக்காலம் வந்தால் தோட்டங்களில் அதற்கு மருந்தடிக்கிறார்கள். கொழுந்து பறித்துச் சீவிக்கும் அயல் வீடுகளை நினைத்துப் பார்த்தால் நாலு கன்று பெரிய விஷயமல்ல.

கன்று நல்லபடியாக வந்து சேர்ந்தாலும் பயனில்லை. மேப்பிள் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துச் சில மாதங்கள் உறங்கி எழும் மரம். பகல் குறுகிக் குளிர் இறங்கும்போதுதான் இலையின் பச்சையம் சிதைந்து சிவப்பு மேலெழுகிறது. நம் மலையகத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. உறக்கம் கிடைக்காத மரம் வருடா வருடம் நலியும். அதற்கு மேல் கினிகத்தேனை மழை! மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்தில் மட்டும் அங்கே 3000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் படத்தில் சகோதரியின் மனதைக் கவர்ந்தது மேப்பிள் என்ற பெயரல்லவே. கரும்பச்சைக்கு முன்னால் தெரியும் சிவப்புத்தானே? அது நம் மண்ணிலேயே இருக்கிறது. 1986ல் தேசிய மரமாக அறிவிக்கப்பட்ட நாக மரத்தின் தளிரைப் பார்த்திருப்பீர்கள். இரத்தச் சிவப்பாக வந்து, இளஞ்சிவப்பாகிப் பிறகு பச்சையாகும். ஜப்பானில் இலை சாகும்போது சிவக்கிறது, இங்கே பிறக்கும்போது சிவக்கிறது. நாக மரம் மெதுவாக வளர்ந்தாலும் இறுதியில் பெருமரம். எனவே சின்ன இடத்துக்கு நான் சொல்வது கறுவா. அதன் தளிரும் சிவப்புத்தான். ஆளுயரத்துக்கு மேல் விடாமல் வெட்டி வந்தால் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் செந்தளிர் வரும். வெட்டிய கிளையின் பட்டை சமையலறைக்கு. இந்த வசதி எந்த மேப்பிளில் உண்டு?

ஊசியிலை மரங்களைப் பொறுத்தவரை, ஒருமுறை ஹக்கலைப் பூங்காவுக்குப் போய் வாருங்கள். 1861ல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம் அது. மொன்டெரி சைப்ரஸ், ஜப்பானிய சீடார், இமாலயப் பைன் எல்லாம் அங்கே முதிர்ந்து நிற்கின்றன. அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். நாற்றுமேடையில் ஒரு சாண் உயரத்தில் அழகாக இருப்பது பிறகு என்னவாகும் என்று புரியும். கிறிஸ்மஸ் மரம் என்று விற்கிறார்களே, அது அவுஸ்திரேலியாவுக்குக் கிழக்கேயுள்ள நோர்போக் தீவின் மரம். 150 அடிக்கு மேல் வளரும். "அந்தப் பெயருள்ள மரத்தை நாம் வைக்கலாமா?" என்று ஒருவர் முன்பு கேட்டிருந்தார். பெயர் வியாபாரிகள் வைத்தது, மரம் அல்லாஹ் படைத்தது. என் ஆட்சேபம் உயரத்தில்தான். கினிகத்தேனை வீட்டுக்குத் தூஜாவும் கத்தரித்து வளர்க்கும் சைப்ரஸும் போதும். கத்தரிக்கும்போது பச்சைப் பகுதியோடு நின்று கொள்ளுங்கள். உள்ளேயிருக்கும் காய்ந்த கட்டை வரை வெட்டினால் அந்த இடம் பெரும்பாலும் மீண்டும் துளிர்க்காது.

இனி வரைபடம். மகளின் கணக்குக் கொப்பியில் ஒரு கட்டத்தாள் எடுத்து ஒரு கட்டம் ஓர் அடி என்று வையுங்கள். வீடு, கிணறு, மலசலகூடக் குழி, மின்கம்பி, உடுப்புக் காயப் போடும் கொடி எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு நல்ல மழை நாளில் குடையோடு வெளியே நின்று, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்து அந்தக் கோட்டையும் போடுங்கள். முக்கியமான கோடு இதுதான். அந்த வழியில் ஒரு கல்லும் வைக்கக் கூடாது, ஒரு மரமும் நடக் கூடாது. கானை அடைத்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்.

சரிவை வெட்டி மட்டப்படுத்தும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 2014 ஒக்டோபர் 29ல் மீரியபெத்தையில் நடந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலையகம் பட்டதையும் நாம் மறக்கவில்லை. வெட்டிய மண்மேட்டின் மேல் உயர்ந்த மரம் காற்றில் ஆடினால் மேட்டையும் அசைக்கும். அங்கே வெட்டிவேரும் புல்லும் போதும். லொறியில் கல் ஏற்றி வந்து கொட்ட வேண்டாம், நிலத்தில் ஏற்கனவே கிடக்கும் கற்களே அழகு. நிலத்தில் வெடிப்போ, புதிய ஊற்றோ, மரம் சாய்வதோ தெரிந்தால் தோட்ட வேலையை விட்டுவிட்டுத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.

மீதமுள்ள இடத்தில், நீங்கள் தினமும் உட்காரும் சமையலறை யன்னலிலிருந்து பார்த்துத் திட்டமிடுங்கள். பாதையிலிருந்து பார்வை விழும் பக்கத்தில் மூன்றடிக்கு ஒன்றாகச் சைப்ரஸ் வேலி. ஆறடியில் நிறுத்தினால் பெண்கள் தாராளமாக முற்றத்தில் நடமாடலாம். அயல் வீட்டு வெயிலும் மறைபடாது. வேலிக்கு முன்னால், நட்டநடுவில் அல்லாமல் சற்று ஒருபக்கமாக, மூன்று கறுவா. ஒன்று உயரம், இரண்டு தாழ்வு. தூஜா ஒன்றை எதிர்க் கோணத்தில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கன்றின் அளவில் அல்ல, வளர்ந்த மரத்தின் அளவில் வட்டம் போடுங்கள். நடுமுன் அந்த இடங்களில் கதிரை, வாளி என்று எதையாவது ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். குழந்தைகள் எங்கே இடறுகிறார்கள் என்பது தெரிந்து விடும்.

ஒரு மூலை மட்டும் எனக்காக விடுங்கள். முஸ்லிம் ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. தூஜாவில் உண்ண எதுவுமில்லை. அந்த மூலையில் ஒரு ஜம்பு வையுங்கள்.

ஜூன், ஜூலைப் பெருமழையில் நட்டால் வேர் அழுகும். செப்டெம்பர் கடைசியில் மழை தணிந்ததும் ஓரடி உயரத்துக்கு மண் மேடிட்டு அதன்மேல் நடுங்கள். கட்டத்தாளின் பிரதியொன்றை அதற்கு முன் அனுப்பி வைத்தால், இன்ஷா அல்லாஹ், பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன். தண்ணீர் போகும் கோட்டை மறந்து விடாதீர்கள்.